கடைசி வரிசைப் பாட்டு

பிரியமுள்ள மகன் ஞானத்துக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கடைக்கு வந்தது. வீட்டு விலாசம் இருக்கக் கடை விலாசத்துக்கு ஏன் எழுதினாய் என்று உறையைப் பார்த்ததும் யோசித்தேன். படித்த பிறகு புரிந்தது. ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரைப் பிரித்துப் போட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தவன், அதை அப்படியே விட்டுவிட்டு நின்றுகொண்டே படித்தேன். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தேன். ஆவணியில் திருப்பத்தூரில் உன் கல்யாணம். பெண்ணுக்குத் தாலியைத் தவிரப் பொட்டுத் தங்கம் கூடாது, சீர்ச் சாமான் எதையும் பந்தலில் பரப்பக் கூடாது, குழாய் ஸ்பீக்கர் கட்டக் கூடாது, சினிமாப் பாட்டு ஒன்றுகூடக் காதில் விழக் கூடாது என்று எழுதியிருக்கிறாய். எனக்கென்று தனியாக ஒரு வரி வேறு. கல்யாணத்துக்கு முன்னால் நான் ரேடியோ செட்டை விற்றுவிட வேண்டும், உலகத்தின் பாட்டைப் போட்டுப் பிழைத்த வீட்டிலிருந்து மாப்பிள்ளையாகப் புறப்பட உனக்கு மனம் ஒப்பவில்லை. கர்த்தரின் பெயரைச் சினிமா மெட்டில் வைத்துப் பாடுகிறவர்கள் அவரைச் சந்தையில் நிறுத்திக் கேலி செய்கிறவர்கள் என்றும் எழுதியிருக்கிறாய். கடைசியாக, கல்யாணத்தில் ஒரே ஒரு பாட்டுத்தான், அது அம்மா உனக்குப் பாடிய "கடைசி வரிசையில் நின்றவரே", அதை நீயே எழுந்து நின்று பாடப்போகிறாய்.

எனக்குக் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். "அப்பன் தொழில் ஆகாதாம், அப்பன் வாங்கிக் கொடுத்த சைக்கிள் மட்டும் ஆகுமாக்கும்" என்று கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துச் சத்தமாகவே சொன்னேன். அந்தச் சூட்டோடு எழுதியிருந்தால் நீ கல்யாணப் பத்திரிகையில் என் பெயரைப் போடுவதா வேண்டாமா என்று யோசிக்கும்படி ஆகியிருக்கும். அதனால் ஆறப்போட்டேன். சிவகங்கைக்கு பஸ் ஏறி வந்து நேரில் பேசலாம்தான். ஆனால் நேரில் நாம் இருவரும் ஒரே நேரத்தில் பேசுவோம், யாரும் கேட்க மாட்டோம். எழுதும்போதாவது சத்தத்தைக் குறைத்து வைக்க முடிகிறது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீ பாடப்போகும் அம்மாவின் பாட்டு ஒரு சினிமா மெட்டு. வார்த்தைகள் அவளுடையவை. மெட்டு, ஓடாமல் போன ஒரு படத்தில் ஒரு குடிகாரன் பாடியது. உனக்கு அது தெரிய வழியில்லை. ஆனால் காரைக்குடியிலிருந்து வரப்போகும் உன் சித்தப்பாவுக்கும் மாமாமாருக்கும் சபைப் பெரியவர்களில் பாதிப் பேருக்கும் நீ முதல் வரியைப் பாடியதுமே தெரிந்துவிடும். நீ கண்ணை மூடிக்கொண்டு உருகிப் பாட, அவர்கள் ஒருவர் விலாவில் ஒருவர் இடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அப்புறம் யாராவது ஒரு புண்ணியவான் உன் மாமனார் காதில் போய்ச் சொல்லுவான்.

அதுகூடப் பரவாயில்லை. உன் அம்மாவை நினைத்துத்தான் எழுதுகிறேன். கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். உன் பாட்டு விஷயத்தைப் படித்ததும் முகம் மலர்ந்தது. பிறகு கண் மேலே போய், சினிமா மெட்டைப் பற்றி நீ எழுதியிருந்த வரியில் நின்றது. கடிதத்தை மடித்துப் பைபிளுக்குள் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்று குழம்பில் உப்பு இல்லை. நான் அதைச் சொல்லாமலே சாப்பிட்டு எழுந்தேன்.

உன் பக்கத்து நியாயத்தை முதலில் பேசிவிடுகிறேன். செட்டிநாட்டுக் கல்யாணங்களை உன்னைவிட நான் கூடுதலாகப் பார்த்தவன். கார் ஏறி வருகிற விருந்தாளி பார்ப்பது வாசல். மொட்டைமாடியில் குழாயைக் கட்டிவிட்டு முற்றத்து மூலையில் செட்டோடு உட்கார்ந்திருக்கிற எனக்கு வீட்டின் உள்ளும் தெரியும். பட்டாலைக் கூடம் முழுக்கச் சாமான் பரப்பியிருப்பார்கள். வெள்ளியும் பித்தளையும் எவர்சில்வரும் கால் வைக்க இடமில்லாமல் இருக்கும். அங்குட்டும் இங்குட்டும் பெண்கள் நடப்பது கோலம் பார்க்கிற மாதிரி இருக்கும், கண் மட்டும் சாமானிலேயே இருக்கும். அந்த நேரம் பார்த்து வீட்டுப் பெரியவர் யாராவது என்னிடம் வந்து, "செட்டுக்காரரே, கொஞ்சம் சத்தத்தைக் கூட்டி வையுங்க" என்பார். ஆரம்பத்தில் ஆளுக்குப் பாட்டுப் பிடித்துவிட்டது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். போகப்போகத்தான் விளங்கியது, சத்தத்தைக் கூட்டச் சொன்னால் உள்ளே சண்டை என்று. ஒரு கல்யாணத்தில் பெண்ணின் அம்மாவே வந்தார். "நல்லாக் கூட்டுங்க, தெருவுக்குப் பாட்டுத்தான் கேக்கணும்" என்றார். ஒரு ரெக்கார்டை எடுத்து இன்னொன்றை வைக்கிற இடைவெளியில் உள்ளேயிருந்து கல்யாணப் பெண்ணின் குரல் கேட்டது. "சாமானை மட்டும் அனுப்பிவிடுங்க ஆத்தா, நான் இங்கனயே இருந்துக்கிறேன்." நான் ஊசியை வைத்துவிட்டேன். அதற்கு மேல் கேட்கவில்லை.

அந்தப் பெண்ணின் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அதனால் நகை வேண்டாம், சாமான் பரப்ப வேண்டாம் என்று நீ எழுதியதைப் படித்தபோது, கோபத்துக்கு நடுவிலும் என் பையன் என்று பெருமையாகத்தான் இருந்தது. நம் சபைக் கல்யாணங்களில் மட்டும் என்ன வாழ்ந்தது? ஜெபத்தோடு ஆரம்பித்து ஜெபத்தோடு முடிக்கிறோம், நடுவில் எல்லாம் அதே கணக்குத்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதே. உன் கடிதத்திலும் சத்தம் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. மதுரையில் அந்த எழுப்புதல் ஜெபக் கூட்டத்துக்குப் போய் வந்ததிலிருந்தே உன் எழுத்தில் குழாய் கட்டியிருக்கிறது. உள்ளே என்னப்பா சண்டை? ஹாஸ்டலில் தலைமுடியை வளர்த்துக்கொண்டு, பெல்பாட்டம் போட்டுக்கொண்டு, மெல்லிசைக் கச்சேரிக்கு முன்வரிசையில் போய் நின்ற பையனை நீ இன்னும் மன்னிக்கவில்லையோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அவனை நான் மன்னித்துவிட்டேன். அவன் நல்ல பையன். விடுமுறைக்கு வந்தால் அம்மாவுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பான்.

எல்லாப் பாட்டும் நல்ல பாட்டு என்று சாதிக்க நான் வரவில்லை. காது கூசுகிற பாட்டை எல்லாம் போட்டிருக்கிறேன், கேட்டவர்கள் கேட்டார்கள், போட்டேன். காசு, கார், பங்களா என்று ஆடிப் பாடுகிற பாட்டுக்கு வயலில் கூலி வேலை செய்துவிட்டு வந்த பிள்ளைகள் வாயைப் பிளந்து நிற்பதைப் பார்த்தால், இது இவர்களுக்கு என்ன கொடுக்கப்போகிறது என்று நினைப்பேன். ஒரு பாதிரியாரைக் கோமாளியாக்கி ஒரு பாட்டு வந்தது. அதைப் போடச் சொன்னபோது, அந்த ரெக்கார்டு கீறல் விழுந்துவிட்டது என்று ஒரு கல்யாண வீட்டில் பொய் சொன்னேன். இதெல்லாம் உனக்குத் தெரியாது. நீ என்னைக் கையில் கிடைத்ததை எல்லாம் சுற்றவிடுகிற ஆள் என்று நினைத்திருப்பாய். எதைக் கேட்டுக் கூசுவது, எதைக் கேட்டு யோசிப்பது என்று எனக்குள்ளும் ஒரு வரம்பு இருந்தது. அதை எனக்குச் சரியாகக் காட்டியவள் உன் அம்மா.

அவள் ஊருக்கு வேதம் சொல்லிக் கொடுத்த உபதேசியார் வீட்டுப் பெண். கல்யாணமாகி வந்த புதிதிலேயே, "அது உங்க பொழப்பு, வேண்டாம்னு சொல்லல. ஆனா ரெக்கார்டு ஒண்ணும் வீட்டு வாசப்படி தாண்டக் கூடாது" என்று சொல்லிவிட்டாள். நானும் தாண்டவிட்டதில்லை. பாடகர் குழுவில் அவள் குரல் தனியாகத் தெரியும். ஞாயிறுதோறும் குழுவின் பெஞ்சு ஓரத்தில் உட்காருவாள். அறுபதுகளின் தொடக்கம் அது, உனக்கு இரண்டு மூன்று வயது இருக்கும். அந்த வருஷம் அறுப்பின் பண்டிகைக்குச் சர்ச் வளாகத்தில் நம் செட்டைத்தான் வைத்திருந்தார்கள். அந்தப் பண்டிகை உனக்குத் தெரியாததில்லை. அவரவர் வீட்டில் விளைந்ததை, வளர்த்ததைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பார்கள், ஆராதனை முடிந்ததும் மரத்தடியில் ஏலம் விடுவார்கள். ஒரு எலுமிச்சம்பழம் நெல் மூட்டை விலைக்குப் போகும், போட்டி போட்டுக் கேட்கிறவர்களுக்குக் கர்த்தர் மேல் பாதிப் பிரியம், பக்கத்து ஆள் மேல் பாதி வீம்பு.

அந்த வருஷம் ரைஸ் மில் வைத்திருந்த ஒருவரும் கான்ட்ராக்டர் ஒருவரும் மோதிக்கொண்டார்கள். கான்ட்ராக்டர் கொடுத்த சேவல் ஏலத்துக்கு வந்தபோது அவர் பெயரை மைக்கில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஏலம் விட்ட சபை மூப்பர் என் பக்கம் குனிந்து, "ரெண்டு ஏலத்துக்கு நடுவுல கலகலன்னு ஏதாச்சும் போடுங்க, அப்பத்தான் கை தாராளமா வரும்" என்றார். சபை வளாகம் என்று நான் தயங்கினேன். "வெளியதானே இருக்கோம், போடுங்க" என்றார். மதுரையில் மொத்தமாக வாங்கி வந்த கட்டுக்குள் புதிதாக ஒரு ரெக்கார்டு இருந்தது. துள்ளலான மெட்டு என்பது மட்டும் நினைவிருந்தது, வார்த்தையைக் கவனித்துக் கேட்டதில்லை. அதை வைத்தேன். ஒரு குடிகாரன் சுவரில் சாய்ந்துகொண்டு கடவுளைக் கேட்கிறான். வீட்டு விலாசம் பார்த்துத்தான் வருவாயா, மாடி வீட்டுப் படி மட்டும்தான் உனக்குத் தெரியுமா, விளக்கில்லாத எங்கள் சந்துக்கு வழி கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்களா என்கிறான். நடுநடுவே விக்கல் வேறு. இளவட்டங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். போதகர் ஐயா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "நிறுத்துங்க! என்ன பாட்டு இது, எங்க வச்சுப் போடுறது இது?" நான் ஊசியைத் தூக்கினேன். கலகலவென்று போடச் சொன்ன மூப்பர் மரத்தில் காக்காய் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா பிடித்துக்கொண்டாள். "கோயில் வாசல்ல வச்சு ஆண்டவரை ஒரு குடிகாரன் கேள்வி கேக்குறான். நீக தலையை ஆட்டிக்கிட்டு உக்காந்திருக்கீக."

"நான் வேணும்னா போட்டேன்? மூப்பர்தான் கேட்டாரு."

"அவர் கேட்டா? உங்களுக்குக் காது எங்க போச்சு?"

அதோடு பேச்சு நின்றுபோனது. சோறு போடுவாள், தண்ணீர் வைப்பாள், வாயைத் திறக்க மாட்டாள். நானும் அந்த ரெக்கார்டை உடைத்துப் போட்டுவிடலாமா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மத்தியானம் எனக்கு மோர் ஊற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: "அந்தக் குடிகாரன் அப்பறம் என்ன கேட்டான்?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டேன் அல்லவா, மீதி என்ன என்று கேட்கிறாள். வீட்டுக்குள் ரெக்கார்டு வரக் கூடாது என்று சொன்னவள், உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள். அவள் கடைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. கதவை ஒருக்களித்துவிட்டு, சாவி கொடுக்கிற சின்ன கிராமபோன் பெட்டியில் வைத்து மெதுவாகப் போட்டேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நின்றபடியே கடைசிவரை கேட்டாள். குடிகாரன் கேள்வியாகவே கேட்டுக்கொண்டு போய், கடைசியில் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போய்விடுகிறான், அவ்வளவுதான் பாட்டு. அவள் உன்னை மறு இடுப்புக்கு மாற்றினாள். பிறகு, "கேள்வி சரியாத்தானே இருக்கு" என்றாள். "பதில் சொல்லாமப் போயிட்டான்."

"குடிகாரன்கிட்டப் போயி பதில எதிர்பாக்குறியே" என்று சிரித்தேன்.

"அவனை யாரு சொல்லச் சொன்னா? நாமல்ல சொல்லியிருக்கணும்."

அப்போதுதான் அன்றைக்குத் தான் பார்த்ததை எனக்குச் சொன்னாள். அன்னம்மாளை உனக்குத் தெரியும், வீடுகளில் பாத்திரம் துலக்குகிறவள், நீ லீவுக்கு வந்தால் உன் கன்னத்தை வழித்து முத்தம் கொடுப்பாளே, அவள்தான். அந்தப் பண்டிகைக்கு அவள் தன் கோழி இட்ட முட்டை இரண்டைக் கொண்டுவந்திருந்தாள். கொண்டுவந்தவர்களின் பெயரை வாசிக்கும்போது முன்னால் கொண்டுபோய் வைக்கலாம் என்று கையை மூடிக்கொண்டு கடைசி வரிசையில் நின்றிருக்கிறாள். சேவலுக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் பெயர் வாசித்தார்கள். சில்லறைச் சாமானை எல்லாம் பெயரில்லாமல் ஒரே கூடையில் போட்டு மொத்தமாக ஏலம் விட்டார்கள். பெயரைக் கூப்பிடுவார்கள் கூப்பிடுவார்கள் என்று அன்னம்மாள் ஏலம் முடிகிறவரை நின்றுவிட்டு, முட்டையைக் கொண்டுபோய்ப் பலிபீடத்துப் படியில் தானே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். உன் அம்மா பாடகர் பெஞ்சில் விட்டிருந்த பாட்டுப் புத்தகத்தை எடுக்க உள்ளே வந்தபோது அதைப் பார்த்திருக்கிறாள். "குடிகாரன் பாட்டுக்கு எல்லாரும் பதறுனோம். அதுக்கு முன்னாடி மைக்குல பேரு வாசிச்சமே, அதுக்கு யாருமே பதறலயே. நானும்தான் பதறல" என்றாள். அந்தப் பெயர்கள் ஊர் முழுக்கக் கேட்டது நான் கட்டிய குழாயில்தான்.

அதற்கு அப்புறம் ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டும்போதெல்லாம் அந்த மெட்டை முணுமுணுக்க ஆரம்பித்தாள். முதலில் வார்த்தை இல்லாமல். பிறகு ஒவ்வொரு வரியாக வந்தது. விலாசம் பார்த்துத்தான் வருவாயா என்று அவன் கேட்ட இடத்தில், "கடைசி வரிசையில் நின்றவரே, கை மூடிக் காத்து நின்றவரே" என்று வைத்தாள். வழி தெரியாதா என்று கேட்ட இடத்தில், "பேர் சொல்லி யாரும் அழைக்கலையே, பிறகும் நீர் விட்டுப் போகலையே" என்று வைத்தாள். ஆண்டவர் வந்துவிட்டார், அப்போதே வந்துவிட்டார், கடைசி வரிசையில்தான் நின்றார், நாம்தான் கூப்பிடவில்லை. இதுதான் அவள் குடிகாரனுக்குச் சொன்ன பதில். அவளுக்கு வேறு மெட்டுத் தெரியாமல் இல்லை. சபைப் பாமாலைப் புத்தகம் முழுக்க மனப்பாடமாகத் தெரிந்தவள். ஆனால் கேள்வி எந்த மெட்டில் வந்ததோ அந்த மெட்டில்தான் பதில் போக வேண்டும் என்று நினைத்தாள். அதைச் சபையில் ஒருநாளும் பாடியதில்லை. உன்னைத் தூங்கவைக்க மட்டும்தான் பாடினாள்.

நீ தூங்கினால்தானே. "இயேசப்பா கைக்குள்ள என்னம்மா வச்சிருக்காக?" என்று கேட்பாய். "முட்டை" என்பாள். உனக்குச் சிரிப்புத் தாங்காது. பிறகு அந்த வரி வரும்போதெல்லாம் நீயே முந்திக்கொண்டு "முட்டை!" என்று கத்துவாய். போர்டிங்குக்குப் போன பிறகு அந்த முட்டையை மறந்துவிட்டாய், பாட்டை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டாய். இன்னொன்றையும் நீ மறந்திருப்பாய். போர்டிங்குக்கு அனுப்புவதற்கு முந்தின வருஷம், பக்கத்துத் தெருவில் ஒரு கல்யாணம், நான்தான் செட்டு. யாரோ கேட்டார்கள் என்று அந்த ரெக்கார்டைப் போட்டேன். நம் பக்கத்தில் அந்தப் பாட்டுக்கு ஒரு கிராக்கி உண்டு, படம் ஓடாவிட்டாலும் என் குழாய் அதை ஊர் ஊராகக் கொண்டுபோயிருந்தது. நீ தெருவில் விளையாடிக்கொண்டிருந்தவன், வார்த்தை எதுவும் உன் காதில் ஏறவில்லை, மெட்டு மட்டும் ஏறியிருக்கிறது. மூச்சு வாங்க வீட்டுக்கு ஓடிப்போய், "அம்மா, உன் பாட்டைக் குழாய்ல போடுறாக! ஊருக்கே கேக்குது!" என்று குதித்திருக்கிறாய். அன்று நான் வீட்டுக்கு வந்தபோது உன் அம்மா வாசலிலேயே நின்றாள். "அவன் சந்தோசத்தைப் பாத்தீகளா? அது குடிகாரன் பாட்டுடான்னு நான் எப்படிச் சொல்ல? இனி அதைப் போடாதீக." நான் போடவில்லை. கேட்டவர்களிடம் உடைந்துவிட்டது என்றேன். உடையவில்லை, பெட்டிக்கு அடியில் துணி சுற்றி இருக்கிறது. நீ அந்தப் பாட்டை வேறு எங்கும் கேட்காததற்குக் காரணம் இதுதான். உன் அம்மாவின் பாட்டு உனக்கு அம்மாவின் பாட்டாகவே இருக்கட்டும் என்று நாங்கள் இருவரும் சேர்ந்து காத்துவைத்தோம். இப்போது நானே அதை உடைக்கிறேன்.

உடைக்கிறேனா என்றும் யோசித்துப் பார்க்கிறேன். கடவுளைக் கேள்வி கேட்டாலே நிந்தனை என்றால், நம் பைபிளின் சங்கீதப் புத்தகத்தில் பாதியைக் கிழித்துப் போட வேண்டியிருக்கும். ஏன் தூரமாய் நிற்கிறீர் என்று கேட்காத பக்தன் அதில் யார் இருக்கிறான்? அந்தச் சினிமாக்காரர்கள் பக்தியோடு எழுதினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சிரிப்புக் காட்டத்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் சிரிப்புக்காகக் கேட்டாலும் உண்மையான கேள்வி உண்மையான கேள்விதான். அதைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டவர்கள் நாங்கள் எல்லோரும். பொத்திய கையை எடுத்து, மீதியையும் கேட்டு, பதில் சொன்னவள் அவள் ஒருத்தி. உனக்குள் இன்று பணத்தின் மேலும் பகட்டின் மேலும் இத்தனை வெறுப்பு இருக்கிறதே, அது எழுப்புதல் கூட்டத்தில் வந்தது என்று நீ நினைக்கிறாய். இருக்கலாம். ஆனால் பேச்சுத் திருந்தாத வயதிலிருந்தே தினமும் உன் காதில் கடைசி வரிசையைப் பாடித் தூங்கவைத்தவள் ஒருத்தி இருந்தாள் என்பதையும் சேர்த்துக்கொள்.

இந்தக் கடிதத்தை எழுதப்போகிறேன் என்று அவளிடம் சொன்னேன். வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லிறாதீக. அவனா ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். அதையும் நாம பிடுங்கிறக் கூடாது."

"பந்தல்ல சிரிப்பாகளே. அப்ப என்ன செய்வே?"

மறுநாள் காலையில் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்தவள், செருப்பைக் கூடக் கழற்றாமல் சொன்னாள்: "எழுதுங்க. நான் பாவம் பண்ணிட்டேன்னு அவன் நெனச்சாலும் சரி, தெரியாமப் பாடி அவன் தலை குனியக் கூடாது." உள்ளே போனவள் திரும்பி வந்தாள். "ஆனா ஒண்ணு. என் பதிலை மட்டும் வச்சுத் தீர்ப்புச் சொல்ல வேணாம்னு எழுதுங்க. அந்தக் கேள்வியையும் ஒரு தடவை கேக்கட்டும்."

அதனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் சிவகங்கைக்கு வருகிறேன். ரெக்கார்டைத் தபாலில் அனுப்பினால் உடைந்துவிடும். சாவி கொடுக்கிற பெட்டியையும் கொண்டுவருகிறேன். நீ ஆராதனை முடிந்து அறைக்கு வரும்போது வாசலில் நிற்பேன். கதவைச் சாத்திக்கொண்டு நீ தனியாகக் கேள், நான் டீக்கடையில் இருக்கிறேன். கேட்டுவிட்டு நீ எதைச் சொன்னாலும் நான் எதிர்த்துப் பேச மாட்டேன். அந்தப் பாட்டு வேண்டாம் என்றால் வேண்டாம், பாமாலையில் நல்ல பாட்டு ஆயிரம் இருக்கிறது. அம்மா கல்யாணத்துக்கு வருவாள், முன்னால் உட்காருவாள், ஆசீர்வதிப்பாள். உன்மேல் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இருக்காது, இருந்தாலும் உனக்குத் தெரியாது.

உன் மற்றக் கட்டளைகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். நகை வேண்டாம், சம்மதம். சாமான் பரப்ப வேண்டாம், இரட்டைச் சம்மதம். ஆனால் தங்கம் இல்லாத பந்தலிலும் முன்வரிசை, பின்வரிசை என்று இருக்கும். அன்னம்மாளுக்குப் பத்திரிகை வைக்கப்போகிறோம், எப்படியாவது பஸ் ஏறி வந்துவிடுவாள், வந்து செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில்தான் உட்காருவாள். வாசலில் ஒருவரை நிறுத்தி அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல். செட்டை விற்கச் சொன்னாயே, அது மட்டும் முடியாது. கார்த்திகைக்குக் குன்றக்குடியில் வேலை பேசி முடித்தாகிவிட்டது, முருகன் கோயில்காரர்களிடம் வார்த்தை மாறினால் எந்த மதத்திலும் மன்னிப்புக் கிடையாது. இந்தச் செட்டுத்தான் உன்னைப் படிக்கவைத்தது. அதற்காக நீ நன்றி சொல்ல வேண்டாம், வெட்கப்படாமல் இருந்தால் போதும்.

ஒருவேளை, கேட்டுவிட்டு, பாடத்தான் வேண்டும் என்று உனக்குத் தோன்றினால், அம்மா தானே பாடுவதாகச் சொல்கிறாள். கேள்வி எங்கிருந்து வந்தது என்பதை எல்லோருக்கும் முதலில் சொல்லிவிட்டுத்தான் பாடுவாளாம். சிரிக்கிறவர்கள் முதலிலேயே சிரித்து முடித்துவிடட்டும் என்கிறாள். அப்படி அவள் பாடுவதானால், வாழ்நாள் முழுக்க மைக் செட் வைத்துப் பிழைத்தவன் உன்னிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். குழாய் வேண்டாம் என்று நீ எழுதினாயே, அந்த ஒரு பாட்டுக்கு எனக்கும் வேண்டாம். மைக் இல்லாமலே பாடட்டும். எங்கே உட்கார்ந்தால் கேட்கும் என்று எனக்குத் தெரியும், நான் அன்னம்மாளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன்.

இதை எழுதும்போது உன் அம்மா பின்கட்டில் மாவு ஆட்டிக்கொண்டிருக்கிறாள். நான் எழுதுவது தெரியும். அந்த மெட்டு கேட்கிறது. ஆட்டுக்கல் சத்தத்தில் வார்த்தை பிடிபடவில்லை, குடிகாரன் கேட்டதைப் பாடுகிறாளா, தான் சொன்னதைப் பாடுகிறாளா என்று இங்கிருந்து எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்.

உன் அப்பா